சேலம் – தூத்துக்குடி விமானம்: 25 நிமிஷமா, 1 மணி நேரமா, 6 மணி நேரமா?

தண்டையார்பேட்டை டிக்கெட் கடை:
கஸ்டமர் ஒருத்தர் சேலத்துல இருந்து தூத்துக்குடிக்கு விமானத்துல போகணும்ங்கிறார். ஒரு தளம் 340 கிலோமீட்டர், 25 நிமிஷம்னு காட்டுது. இன்னொண்ணு 1 மணி நேரம்னு காட்டுது. புக்கிங் பக்கம் போனா 6 மணி நேரத்துக்கு மேல! எதை நம்பி அவருக்குச் சொல்றது?

ராயபுரத்தான்:
தூரம் சரிதான். சேலம் (காமலாபுரம்) 11.78 வடக்கு, தூத்துக்குடி (வாகைக்குளம்) 8.72 வடக்கு. தீர்க்கரேகை ரெண்டுக்கும் ஏறக்குறைய 78.0 கிழக்குதான், அதனால கணக்கு சுலபம். அட்சரேகை வித்தியாசம் 3.06 பாகை; ஒரு பாகைக்கு 60 கடல் மைல். மொத்தம் 184 கடல் மைல், அதை 1.852-ஆல பெருக்கினா 340 கி.மீ.

நேரத்துலதான் கோளாறு. 25 நிமிஷம்ங்கிறது பெரிய ஜெட் வேகம், மணிக்கு 800 கி.மீ. போட்டு வகுத்தது. சேலத்துக்கு வர்றது ஏடிஆர் 72, விசிறி வச்ச சின்ன விமானம். அது 275 நாட், அதாவது 510 கி.மீ. வேகத்துல போகும். வெறும் பறப்பே 40 நிமிஷம். எதிர்க்காத்து 20 நாட் அடிச்சா இன்னும் 3 நிமிஷம், அது பெரிய விஷயமில்ல. ஓடுதளத்துக்கு உருண்டு போறது, மேலே ஏறுறது, இறங்க வளைஞ்சு வர்றது எல்லாம் சேர்ந்துதான் 1 மணி நேரம். ஆனா அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான், நேரடி விமானமே கிடையாதே!

மீனம்பாக்கம் பறவை:
ஆமா, பெரும்பாலும் சென்னை வழியாத்தான். சேலம்–சென்னை 265 கி.மீ., சென்னை–தூத்துக்குடி 530 கி.மீ. தெற்கே போக வேண்டியவர் முதல்ல வடகிழக்கே பறக்கணும்! அட்டவணையில முதல் விமானத்துக்கு 1 மணி நேரம், அடுத்ததுக்கு ஒன்றரை மணி நேரம் ஒட்டிப் போடுவாங்க. மீதியெல்லாம் சென்னையில காத்திருக்கிறது.

தண்டையார்பேட்டை டிக்கெட் கடை:
தனித்தனியா ரெண்டு டிக்கெட் போட்டா விலை குறையுதே அண்ணா?

மீனம்பாக்கம் பறவை:
குறையும்தான், ஆனா போடாதீங்க. ரெண்டு விமானமும் ஒரே பிஎன்ஆர்ல, அதாவது ஒரே முன்பதிவு எண்ணுல இருந்தா, முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததுக்கு ஏத்திவிடுறது கம்பெனி பொறுப்பு. தனித்தனின்னா சென்னையில பெட்டியை எடுத்துக்கிட்டு வெளிய வந்து, மறுபடி செக்-இன் பண்ணணும். கவுன்டரை 1 மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்க. தனியாத்தான் போடணும்னா நடுவுல 3 மணி நேரமாவது விடுங்க.

கொருக்குப்பேட்டை ரயில்பித்தன்:
சாலையிலயே நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியா 380 கி.மீ. பக்கம்தான், ஏழு மணி நேரத்துல போயிடலாம். இதுக்கு எதுக்குப்பா சென்னை வரணும்? 16236 மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் சேலம் வழியாத்தான் போகுது.

ரெண்டு விஷயம் கவனம். வண்டி சேலத்துக்கு நள்ளிரவு தாண்டித்தான் வரும். சனிக்கிழமை ராத்திரி கிளம்புறவருக்கு ஞாயித்துக்கிழமை தேதியில போடணும். இன்னொண்ணு, புக்கிங்ல அடிக்கிற ஊர்க் குறியீடு. டிசிஆர்ங்கிறது (TCR) விமானத்துலதான் தூத்துக்குடி. ரயில்ல அதே எழுத்து திருச்சூர். தூத்துக்குடிக்கு டிஎன்னு (TN) அடிங்க.