ரிஸ்க் எது, இஷ்யூ எது? ஷீட்டில் எப்படிப் பிரித்து எழுதுகிறீர்கள்?

புதுசு_பிஎம்:
டெஸ்டிங்கில் இருந்து ப்ராஜெக்ட் மேனேஜர் வேலைக்கு மாறி மூன்று மாதம் ஆகிறது. முன்பு இருந்தவர் விட்டுப்போன ரிஸ்க் ஷீட்டில் 47 வரிகள், முக்கால்வாசி "ஹை", எல்லாம் சிவப்பு. யாரும் திறப்பதில்லை, உண்மையைச் சொன்னால் நானும்தான். போன வாரம் வெண்டர் (வெளியில் இருந்து வேலை செய்துதரும் கம்பெனி) தர வேண்டிய ஏபிஐ (அவர்கள் சாஃப்ட்வேரோடு எங்களுடையதை இணைக்கும் பகுதி) வரவில்லை. "முன்னாடியே தெரியாதா?" என்று மேலே கேட்டார்கள். 12ஆவது வரியில் "வெண்டர் தாமதம்" என்று இருக்கிறதே என்று காட்டினேன், அதற்கு அவர்கள் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இதை எங்கிருந்து கற்றுக்கொள்வது?

பழைய_கணக்கு:
"வெண்டர் தாமதம்" என்பது ரிஸ்க் இல்லை, தலைப்பு. அதைப் படித்து யாரும் எதுவும் செய்ய முடியாது. காரணம், நடக்கக்கூடியது, விளைவு மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். உங்கள் 12ஆவது வரியை நான் இப்படி எழுதியிருப்பேன்: "வெண்டர் பக்கம் ஒரே ஒரு டெவலப்பர்தான் இருக்கிறார் என்பதால், ஏபிஐ 15ஆம் தேதிக்குள் வராமல் போகலாம்; வராவிட்டால் 22ஆம் தேதி தொடங்க வேண்டிய டெஸ்டிங் தள்ளிப்போகும்." இப்போது பாருங்கள், என்ன செய்யலாம் என்பது தானாகவே தெரிகிறது. ஒரு டம்மி ஏபிஐ வைத்து டெஸ்டிங்கைத் தொடங்கலாமா, பாதி ஏபிஐயை முதலில் வாங்கலாமா என்று பேச்சு ஓடும்.

இன்னும் நடக்காதது ரிஸ்க், நடந்துவிட்டது இஷ்யூ, அவ்வளவுதான். 15ஆம் தேதி தாண்டியும் ஏபிஐ வராவிட்டால் அந்த வரியை ரிஸ்க் பக்கம் மூடிவிட்டு, அதே எண்ணைக் குறிப்பிட்டு இஷ்யூ பக்கம் திறங்கள். பலர் ரிஸ்க்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள், நடந்து முடிந்ததற்கு "வாய்ப்பு 80%" என்று மாதக்கணக்கில் கிடக்கும்.

சிவப்பு_பேனா:
மேலே சொன்னது சரி. ஆனால் மார்க் போடுவதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். வாய்ப்பு 1 முதல் 5, பாதிப்பு 1 முதல் 5, பெருக்கினால் மதிப்பெண் என்று சொல்லிக்கொடுப்பார்கள். வாய்ப்பு 5 பாதிப்பு 1 என்றாலும் 5 வரும், வாய்ப்பு 1 பாதிப்பு 5 என்றாலும் 5 வரும். முதலாவது தினசரித் தொல்லை, இரண்டாவது ப்ராஜெக்ட்டையே மூடவைப்பது. இரண்டும் ஷீட்டில் ஒரே நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். 12ஆ 15ஆ என்று ஒரு மீட்டிங் முழுக்கச் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன் (நானும் போட்டிருக்கிறேன்).

அதைவிட ஷீட்டில் ஓனர் (அந்த ரிஸ்க்குக்குப் பொறுப்பானவர்) என்ற கட்டத்தைப் பாருங்கள். "டீம்" என்று இருந்தால் யாருமே இல்லை என்று அர்த்தம், ஒரு ஆளின் பெயர் வேண்டும், அந்த ஆளுக்கே அது தெரிந்திருக்கவும் வேண்டும். அப்புறம் "கண்காணிக்கிறோம்" என்று எழுதாதீர்கள். எதைப் பார்த்தால் மணி அடிக்கும், எந்தத் தேதியில், அதை எழுதுங்கள்.

நடுவில்_வந்தவன்:
ரிஸ்க்கே தோன்றவில்லை என்றால் ப்ரீமார்ட்டம் செய்துபாருங்கள். உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதியது. ப்ராஜெக்ட் படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஆளுக்கு ஒரு தாளில் தனியாக எழுத வேண்டும். "என்ன ரிஸ்க் இருக்கு?" என்று கேட்டால் வாய் திறக்காதவர்கள் இதில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்.

புதுசு_பிஎம்:
நேற்று உட்கார்ந்து பிரித்தேன். 47இல் 16 ஏற்கெனவே நடந்துவிட்டவை, 20 யாருக்கும் என்னவென்றே தெரியாதவை. மிச்சம் 11. ஒன்று மட்டும் கேட்கிறேன், "வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட ரிஸ்க்கை நீக்கிவிடலாமா?

சிவப்பு_பேனா:
வேண்டாம். யார், எந்தத் தேதியில் அப்படி முடிவெடுத்தார் என்று எழுதி அங்கேயே வையுங்கள். "முன்னாடியே தெரியாதா?" மறுபடி வரும்.