நாட்டு மீன் தேடி வன்னிக் குளங்களுக்கு: போய்வந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கோ

இரணைமடு வாய்க்கால்

கல்கரியில் இருக்கிற மச்சான் வருகிற ஆடி மாதம் ஊருக்கு வருகிறான். கல்யாண வீடு, கோயில், ஆட்களைப் பார்க்கிறது எல்லாம் முடிய, நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னால் மூன்று நாள் எனக்கு ஒதுக்கு, மீன் பிடிக்கப் போவோம் என்று வட்ஸ்அப்பில் ஒரே கரைச்சல். மீன் பிடிக்கிறது என்ன பெரிய விஷயம், வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் பாண் துண்டு குத்திப் போட்டால் அரை மணித்தியாலத்தில் ஒரு சட்டி திலாப்பியா என்றேன். அது வேண்டாமாம். நாட்டு மீன்தான் வேண்டுமாம்.

ஆள் அங்கே ட்ரவுட் மீன் பைத்தியம். சனிக்கிழமை விடியமுன் காரை எடுத்துக்கொண்டு றொக்கி மலையடிவாரத்துக்கு ஓடுவான், ஓல்ட்மன் ஆறு, லிவிங்ஸ்டன் ஆறு என்று. கட்த்ரோட் என்று ஒரு ட்ரவுட் இருக்கிறது, தாடைக்குக் கீழே கத்தியால் கீறிவிட்டதுபோல இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு. இன்னொன்று புல் ட்ரவுட், அல்பேர்ட்டா மாகாணத்தின் மீனே அதுதான், பிடித்தால் திருப்பி விட்டுவிட வேண்டும். முதுகுத் துடுப்பில் கறுப்பு இல்லையா, தண்ணீரில் விடு என்று சின்னப் பிள்ளைகளுக்கும் அங்கே வாய்ப்பாடமாம். அந்தப் பக்கத்து ஆறுகளில் பிரவுண் ட்ரவுட் கிடைத்தால் இவனுக்குச் சந்தோசமில்லை, அது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டது. புரூக் ட்ரவுட் கனடாவின் கிழக்குப் பக்கத்து மீன், மேற்கில் அதுவும் வந்தேறி.

அப்படியென்றால் நுவரெலியாவுக்குப் போவோம், அங்கேயும் ட்ரவுட் இருக்கே என்று கேட்டேன். அது 1880களில் வெள்ளைக்காரன் தன் பொழுதுபோக்குக்குக் கொண்டுவந்து விட்டது, இலங்கைக்கென்று ஒரு ட்ரவுட்டும் கிடையாது, நீ உன்ர ஊர் மீனைக் காட்டு என்றான். கோபம் வந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் நான் கிழமையில் நாலு நாள் தின்கிற திலாப்பியாவே 1952 இல் இங்கே வந்த ஆபிரிக்க மீன்தானே. கட்லாவும் றோகுவும் இந்தியாவிலிருந்து. குளத்தில் விடுகிற குஞ்சுகளில் பெரும்பங்கு இதுகள்தான். எங்கட மீன் எது என்று கேட்டால் விரால், சுங்கான், விலாங்கு, வாளை, பனையேறிக் கெண்டை என்று விரல் விட்டுச் சொல்கிறேன், ஆனால் எங்கே போய்ப் பிடிக்கிறது என்று கேட்டால் முழிக்கிறேன்.

இப்போதைக்குப் போட்ட திட்டம்: முதல் நாள் ஏ9 இல் மாங்குளம், அங்கிருந்து ஏ34 இல் திரும்பி ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு. அடுத்த நாள் மாங்குளம் – வெள்ளாங்குளம் வீதியால் மல்லாவி, வவுனிக்குளம். மூன்றாம் நாள் வெள்ளாங்குளத்தில் ஏ32 ஐப் பிடித்து மன்னார்ப் பக்கம், கட்டுக்கரைக் குளம். தெரிந்த ஒருவரின் பழைய பிக்கப், தூண்டில், தங்கூசி (நைலோன் நூல்), ஒரு அத்தாங்கு (சின்னக் கைவலை), சமைக்கச் சட்டி. போனவர்கள் நடந்ததைச் சொல்லுங்கோ.

முத்தையன்கட்டான்

தம்பி, வரைபடத்தை மடித்து வை. முதலில் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று கேள். ஆடியில் சிறுபோகத்துக்குத் துருசு (மதகு) திறந்து தண்ணீர் போய்க்கொண்டிருக்கும், குளம் ஒவ்வொரு நாளும் இறங்கும், கரையோரக் கோரைக்குள் நின்ற விரால் எல்லாம் ஆழத்துக்குப் போய்விடும். மேலே சோளகக் காற்று அடிக்கிற அடியில் அணைக்கட்டில் நின்று தூண்டில் வீசினால் அது உன் முதுகிலேயே வந்து கொளுவும். எனக்குக் கொளுவியது. சேட்டோடு வெட்டி எடுத்தார்கள்.

நாங்கள் மூன்று பேர் ஒருமுறை இதே ஆடியில் இரண்டு நாள் அணைக்கட்டிலேயே கிடந்தோம். முதல் நாள் பாண், திலாப்பியா தவிர ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் மாடு மேய்க்கிற ஐயா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, குளத்துக்குள்ள என்ன தேடுறியள், கீழ வாய்க்காலுக்குப் போங்கோ என்றார். துருசுக்குக் கீழே வாய்க்கால் வளைகிற இடம், மருத மர வேர் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும், இடுப்பளவு ஆழம், நிழல். சின்னத் தவளையைக் கொளுவி வேரோரமாக மெதுவாக இழுத்தேன். விரால் கொத்துகிறது திலாப்பியா மாதிரி நறுக் நறுக்கென்று இல்லை. ஒரு சத்தம், பானைக்குள் கல் விழுந்ததுபோல 'டுப்' என்று, தங்கூசி நேராக வேருக்குள் ஓடியது. அவசரத்தில் உடனே இழுத்தேன், தவளை மட்டும் பாதியாக வந்தது. அதை விழுங்கவிட வேண்டும், ஐந்து வரை எண்ணி இழு என்று ஐயா பிறகுதான் சொன்னார். முதலிலேயே சொல்லியிருக்கலாம்!

ஆக, உன் பயணத்தைக் குளம் குளமாகப் போடாமல் வாய்க்கால் வாய்க்காலாகப் போடு.

பாலியாற்றுக்காரி

ஐப்பசி மழை விழுந்து குளம் ஏறத் தொடங்கிய பிறகு வந்தால் விரால் தேடி அலைய வேண்டாம், அதுவே கண்ணில் படும். ஆனால் அந்த நேரத்தில் தயவுசெய்து பிடிக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அப்பாவோடு வவுனிக்குள அலைகரைப் பக்கம் விறகுக்குப் போனேன். புல்லு மூடிய தண்ணீரில் ஓரிடத்தில் மட்டும் சோறு கொதிப்பதுபோலக் குமிழி குமிழியாக வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் ஆயிரம் குஞ்சுகள், ஒவ்வொன்றும் நெல்மணியைவிடச் சற்றுப் பெரிது, எல்லாம் ஒன்றாகக் காற்றுக் குடிக்க மேலே வந்து ஒன்றாகக் கீழே போகின்றன. விரால் பார்ப்பு. அதுகளுக்குக் கீழே கறுப்பாக ஒரு நிழல் அசையாமல் நின்றது. அப்பா ஒரு குச்சியை நீட்டினார், அவ்வளவுதான், தாய் பாய்ந்து குச்சியைக் கடித்தது. (தாயோ தகப்பனோ, இரண்டும் காவல் நிற்குமாம்.) அப்பா சிரித்துக்கொண்டு சொன்னார், இப்ப இதைப் பிடிக்கிறதுக்குத் தூண்டிலே தேவையில்லை பிள்ளை, கோபமே போதும், ஆனால் இதைத் தூக்கினால் பின்னேரத்துக்குள் அவ்வளவு பார்ப்பும் மற்ற மீனுக்கும் கொக்குக்கும் போய்விடும்.

நிறையப் பேர் இப்போதும் பார்ப்பு நிற்கிற இடம் பார்த்துத் தவளையைப் போட்டுத்தான் பெரிய விராலைத் தூக்கிப் படம் போடுகிறார்கள். கெட்டித்தனம் என்று நினைக்கிறார்கள் போல.

உங்கள் மச்சான் ஆடியில் வருவது அந்த வகையில் நல்லது. மீன் கிடைக்காது, ஆனால் பாவமும் இல்லை.

கண்டாவளைப் பெடியன்

2018 மார்கழி வெள்ளத்தில் எங்கட வளவுக்குள்ளேயே விரால் வந்தது. இரணைமடுக் கதவு எல்லாம் திறந்து, இடுப்பளவு தண்ணீர். நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம், நாலு நாள் கழித்து வந்து பார்த்தால் கோழிக்கூட்டுக்குள் ஒன்று, அடுப்படியில் ஒன்று. கோழி ஒன்றுமில்லை. பயணமும் இல்லை தூண்டிலும் இல்லை. சிரிப்பு வரவில்லை அப்போது.

முத்தையன்கட்டான்

இன்னொன்று மறந்துவிட்டேன். முதலை. தண்ணீர் குறைந்த குளத்தில் அதுகளும் ஓரிடத்தில் கூடும், கரையில் குந்தியிருந்து மீன் கழுவாதே. பொழுதுபட்டு மைமலான பிறகு ஒட்டுசுட்டான் வீதியில் யானை நிற்கும், ஹோர்ன் அடித்து வீரம் காட்டாமல் லைட்டைக் குறைத்துப் பொறு. காட்டுக்குள் குறுக்குப் பாதை தேடவே தேடாதே, மிதிவெடிப் பலகை இல்லாத இடம் என்றாலும் மாடு போகிற தடத்தைவிட்டு விலகாதே.

அருவியாறு

கட்டுக்கரைக் குளத்தைத் திட்டத்தில் எழுதியிருக்கிறீர்கள் அண்ணை, அது பறவைகள் சரணாலயம், நினைத்த இடத்தில் போய் இறங்கித் தூண்டில் போட முடியாது. நான் போட்டு மாட்டுப்பட்டேன். அடி உதை ஒன்றுமில்லை, கமக்கார அமைப்பு ஆட்கள் வந்து நல்ல தமிழில் கிழித்தார்கள். பெரிய குளங்களில் எல்லாம் நன்னீர் மீன்பிடிச் சங்கம் இருக்கிறது, அவர்களின் பிழைப்பு அது, முதலில் அவர்களிடம் போய் ஒரு வார்த்தை கேட்டால் அவர்களே இடமும் காட்டுவார்கள், சாப்பாடும் தருவார்கள்.

குளத்துக்குப் பதிலாக ஆற்றுப் பக்கம் வாருங்கள். தேக்கம் அணையில்தான் அருவியாற்றை மறித்துக் கட்டுக்கரைக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். அணையிலிருந்து தள்ளி, கீழே ஆறு வற்றி மடு மடுவாக நிற்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே ஓர் இரவு நாக்கிளிப்புழு (மண்புழு) கொளுவிப் போட்டேன், என் கை மொத்தத்தில் ஒரு விலாங்கு. தங்கூசியைத் தன் உடம்பில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டது, அவிழ்க்க ஒரு மணித்தியாலம். கடலில் பிறந்து ஆற்றில் ஏறி வளர்ந்து, முட்டையிடத் திரும்பவும் கடலுக்குப் போகிற சாதி அது. ட்ரவுட் மச்சானிடம் இதைச் சொல்லுங்கள், அவர்கள் ஊர்ச் சமன் மீன் (சல்மன்) செய்கிறதற்கு நேர் எதிர்.

இரணைமடு வாய்க்கால்

போய்வந்துவிட்டோம். கோயில் திருவிழா முடியட்டும் என்று இருந்து இன்றைக்குத்தான் எழுத நேரம் வந்தது.

முதல் நாள் முத்தையன்கட்டு. அண்ணை சொன்ன மருத வேர் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அங்கே எல்லாமே மருத வேர்தான். பதினொரு திலாப்பியா. மச்சான் ஒவ்வொன்றாகக் கழற்றி முகத்தைத் தொங்கப்போட்டான். ஒட்டுசுட்டானில் தேத்தண்ணிக் கடையில் ஒருவர், போன மார்கழி வான் பாய்ந்த நேரம் வந்திருந்தால் சும்மா கையாலேயே பிடித்திருக்கலாம் என்றார். மச்சான் பதறிப்போய், வான் எங்கே பாய்ந்தது, உள்ளே ஆட்கள் இருந்தார்களோ என்று கேட்டான். கடை முழுக்கச் சிரித்தது. பதினாலு வயதில் போனவன், குளம் நிரம்பி வழிகிற வானை மறந்துவிட்டான், ஆட்களை ஏற்றிப் போகிற வான்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

அன்றிரவே சுங்கான் மாட்டியது. அவன் ட்ரவுட்டைப் பிடிக்கிற மாதிரிக் கையை நனைத்து, அன்பாக, அடிவயிற்றில் தாங்கித் தூக்கப் போனான். நான் வாயைத் திறக்கமுன் அதன் பக்கத் துடுப்பு விஷமுள் ஏறிவிட்டது. ஆள் கத்தவில்லை, வெள்ளையாகிப் போய் நிலத்தில் இருந்துவிட்டான். கை பொறுக்கிற அளவு சுடுதண்ணீரில் விரலை வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்தோம், அதில்தான் கொஞ்சம் குறைந்தது. விடியப்புறம் அவன் சொன்ன முதல் வார்த்தை, இது நாட்டு மீன்தானே, கணக்கில் வருமோ?

இரண்டாம் நாள் வவுனிக்குளம். அருவியாறு தம்பி சொன்னபடி சங்கத்து ஐயாவிடம் முதலில் போனோம். அவர் ஒரு பெடியனை எங்களோடு அனுப்பினார், ஒன்பது பத்து வயது இருக்கும். துருசுக்குக் கீழே வாய்க்கால் வளைவில் மச்சான் தவளை வடிவ ரப்பர் இரையைப் போட்டான், கனடாவிலிருந்து கொண்டுவந்தது, கொக்கியில் முள் இல்லாத வகை. நான் சத்தமாக ஐந்து எண்ணினேன், பெடியனும் சேர்ந்து எண்ணினான். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். முதுகு சேற்று நிறம், வயிறு வெள்ளை, தலை பாம்பேதான். மச்சான் இந்த முறை கையை ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்துவிட்டுத் தொட்டான். படம் எடுத்தான், அளந்தான், பிறகு வாய்க்காலில் மெதுவாக வைத்து விட்டுவிட்டான்.

பெடியன் என்னைப் பார்த்தான். 'அண்ணை, அந்த அண்ணாவுக்கு என்ன நடந்தது?'

நான் விளக்கம் சொல்லத் தொடங்கமுன் அவன் வீட்டுக்கு ஓடிப்போய்க் கரப்போடு (மீனை மூடிப் பிடிக்கிற கூடை) வந்து வாய்க்காலில் இறங்கிவிட்டான். மச்சான் தலையில் கையை வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் குந்திவிட்டான்.

மத்தியானம் அந்த வீட்டில்தான் சாப்பாடு. சாம்பல் போட்டு உரஞ்சிக் கழுவி, மிளகும் புளியும் தூக்கலாக விரால் குழம்பு. அதே விராலா என்று மச்சான் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மன்னாருக்குப் போகவில்லை, விரல் வீங்கியிருந்தது.

பாலியாற்றுக்காரி

மீனின் வாயில் கொக்கி குத்திய அடையாளம் இருந்ததா என்று பார்த்திருக்கலாமே?

இரணைமடு வாய்க்கால்

தலையை விருந்தாளிக்குத்தான் வைத்தார்கள். நான் நினைத்துப் பார்க்கமுன் அவன் உறிஞ்சி முடித்துவிட்டான்.