ட்ரெஷர் ட்ரோவ்: ஒளித்ததா, கிடைத்ததா?

பரணி:
'ட்ரோவ் ஆஃப் லெட்டர்ஸ்' என்ற இங்கிலீஷ் தொடரை ஒருவர் "மறைத்து வைத்த கடிதக் குவியல்" என்று மொழிபெயர்த்திருக்கிறார். தப்பு சார். ட்ரோவில் மறைப்பதே கிடையாது. நார்மன் பிரெஞ்சில் 'ட்ரெசோர் ட்ரொவே' என்றால் கண்டெடுத்த செல்வம். ட்ரொவே வெறும் அடைமொழி, அதைப் புரியாமல் இங்கிலீஷ்காரன் தனியாகப் பிய்த்தெடுத்து, குவியல் என்று பொருள் கொடுத்து இத்தனை காலம் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

வக்கீல் குமாஸ்தா:
வேரெல்லாம் சரி, ஆனால் சொல் வளர்ந்தது கோர்ட்டில். பழைய இங்கிலாந்துச் சட்டப்படி தங்கமோ வெள்ளியோ, திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு யாரோ ஒளித்து வைத்து, உரிமையாளர் யாரென்று தெரியாமல் போனால்தான் அது ட்ரெஷர் ட்ரோவ், அரசருக்குப் போகும். 1939இல் இங்கிலாந்தில் சட்டன் ஹூ என்ற இடத்தில் ஒரு புதைமேட்டைத் தோண்டியபோது ஒரு கப்பலின் தடமும் அதற்குள் தங்கக் கொக்கியும் பணப்பை மூடியும் கிடைத்தன. இறந்தவருக்காக ஊரறியப் புதைத்ததை யார் திரும்ப எடுக்கப் போகிறார்கள், ஆகவே இது ட்ரெஷர் ட்ரோவ் இல்லை என்று விசாரணையில் முடிவானது. எல்லாம் நிலத்துக்காரர் ஈடித் ப்ரிட்டிக்கே சொந்தமாயிற்று. அந்த அம்மா அப்படியே பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார், அது வேறு கதை. ஒளிப்பு இல்லையென்றால் ட்ரோவும் இல்லை, அவ்வளவுதான்.

பரணி:
அதே இங்கிலாந்தின் 1996 'ட்ரெஷர் ஆக்ட்' சட்டத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஒளித்தவன் மனதில் என்ன இருந்தது என்று தேட வேண்டிய வம்பே வேண்டாமென்று, பொதுவாக 300 வருடப் பழமையும் 10 சதவீதம் தங்கமோ வெள்ளியோ இருந்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். சட்டத்தின் பெயரிலேயே ட்ரோவ் போய்விட்டது.

நெல்லைக்காரன்:
இங்கிலாந்திலேயே நிற்கிறீர்களே அண்ணாச்சி! நம்ம நாட்டில் 1878ஆம் வருடத்து இந்தியன் ட்ரெஷர் ட்ரோவ் ஆக்ட் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் அதில் வரும், தங்கம் வெள்ளிதான் என்று இல்லை. 10 ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். உரிமையாளர் இல்லையென்றால் பொதுவாகக் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால். எழும்பூர் மியூசியத்தில் இருக்கும் ஐம்பொன் சிலைகளில் பல, கடைக்கால் தோண்டும்போது கிடைத்து இந்தச் சட்டப்படி வந்தவைதான்.

வக்கீல் குமாஸ்தா:
பார்த்தீர்களா, இங்கேயும் 'மறைந்திருக்கும்' என்றுதானே இருக்கிறது?

பரணி:
மறைந்திருப்பது வேறு, மறைத்து வைப்பது வேறு! கடிதத்தை யாரும் புதைக்கவில்லை.

வக்கீல் குமாஸ்தா:
சரி, 'மறைத்து வைத்த' என்பதை எடுத்துவிட்டுக் 'கடிதக் குவியல்' என்று மட்டும் போடச் சொல்லுங்கள். அதற்கு மேல் இறங்க மாட்டேன்.