மறு: டர்போ பிளாக், நான்-டர்போ பிளாக் – கலைச்சொல் தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

பென்ஸின் டீசல் இன்ஜின் ஒன்றைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்க, டர்போ உள்ள, இல்லாத இன்ஜின் பிளாக்குகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். (பிளாக் என்றால் சிலிண்டர்கள் குடைந்த இன்ஜினின் இரும்பு உடல்.) இனி முடியாது.

> பிளாக் = தொகுதி. பிளாக் மாற்றுவது ‘தொகுதி மாற்றம்’.

வேண்டாம் ஐயா. நான் இருப்பது வியாசர்பாடி. இங்கே ‘தொகுதி மாற்றம்’ என்று எழுதினால், யாரோ பெரம்பூரை விட்டுவிட்டு ஆர்.கே. நகரில் நிற்கப் போகிறார் என்றுதான் படிப்பார்கள்.

> டர்போசார்ஜர் = சுழல் மின்னேற்றி.

இதில் மின்சாரம் எங்கே வந்தது? சிலிண்டருக்குள் திணிக்கிற காற்றைத்தான் அங்கே ‘சார்ஜ்’ என்கிறார்கள். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இது போன்ற ஏற்பாட்டுக்குத்தான். கொல்லன் உலையில் காற்று ஊதுவதற்கு நம்மிடம் ‘துருத்தி’ இருக்கிறது. புகையால் ஓடுவதால் இது புகைத்துருத்தி. பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜரைப் பட்டைத்துருத்தி என்றால் இரண்டும் குழம்பாது. டர்போ இல்லாததற்குக் கோவை நண்பர் சொன்ன ‘இயல்மூச்சு இன்ஜின்’ அருமை, அப்படியே எடுத்துக்கொள்வோம்.

இனி பிளாக். ‘டர்போ என்பது மேலே மாட்டுகிற ஒரு சாமான், அதற்காக பிளாக்குக்குத் தனிப்பெயர் எதற்கு’ என்று ஒருவர் கேட்டிருந்தார். போன வருடம்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வீட்டுப் பழைய டர்போ டீசல் காரின் பிளாக்கில் விரிசல் விட்டது. மெக்கானிக் ஒருவர் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலிருந்து அதே குடும்பத்து நான்-டர்போ பிளாக்கைக் கொண்டுவந்து, எங்கள் பழைய டர்போவை அதில் மாட்டிக் கொடுத்தார். டர்போவிலிருந்து ஆயில் திரும்ப வழியில்லை என்று, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஓட்டை போட்டு ஒரு குழாய் வேறு வைத்தார். நன்றாகத்தான் ஓடியது. மாதவரம் தாண்டி ஜி.என்.டி. ரோட்டில் முழு லோடில் போனபோது மூன்றாவது பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்தது.

அப்புறம் எருக்கஞ்சேரி பக்கம் இன்னொரு ஷெட். அங்கிருந்த பெரியவர் ஒரு டர்போ பிளாக்கையும் எங்கள் நான்-டர்போ பிளாக்கையும் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். டர்போ பிளாக்கில், பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்க் உட்காரும் இடத்துக்கு அருகே, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பால்பேனா ரீஃபில் அளவில் வளைந்த ஒரு குழாய். “இதுலேந்து ஆயில் பீச்சி பிஸ்டன் அடிய குளுர வெக்கும் சார். உங்க பிளாக்ல ஓட்டையே கெடையாது, இன்னா பண்ணும் பாவம்” என்றார். நான்-டர்போ பிளாக்கில் அதே இடத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று வெறும் இரும்பு.

நாம் மொழிபெயர்க்கிற கட்டுரையின் நாயகனான பென்ஸ் ஓ.எம். 617 டீசல் இன்ஜினிலும் இதே கதைதான். மூன்று லிட்டர், ஐந்து சிலிண்டர். டர்போ வகையில் ஆயில் பீச்சும் ஜெட் உண்டு, மற்றதில் இல்லை. ஆகவே டர்போ பிளாக்கை நான்-டர்போ வண்டியில் வைப்பது பெரும்பாலும் டர்போவுக்கான ஓட்டையை அடைத்து, ஆயில் பம்பையும் பார்த்து மாட்டுகிற வேலை. மாறாக, நான்-டர்போ பிளாக்கில் டர்போவை மாட்டினால்தான் வம்பு. இரண்டு திசைக்கும் ஒரே ‘மாற்றம்’ என்று எழுதினால் படிப்பவர் என்னைப் போலவே ஏமாறுவார்.

பிளாக்குக்கு என் முன்மொழிவு: கூடு. கூடு விட்டுக் கூடு பாய்வது நமக்குப் புதிதல்ல. துருத்திக்கூடு, இயல்மூச்சுக்கூடு. மாற்றும்போது எதை வைக்கிறோம் என்று தெரிய, துருத்திக்கூடுமாற்று, இயல்மூச்சுக்கூடுமாற்று. ஒன்றுமே இல்லாத பிளாக் வெறுங்கூடு. கிராங்க், பிஸ்டனோடு கடையில் ‘ஹாஃப் இன்ஜின்’ என்று விற்பது அரைக்கூடு. சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட்டும் சேர்ந்தால் முழுக்கூடு. எலும்புக்கூடு ஞாபகம் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஷெட் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிற பிளாக்கைப் பார்த்தால் அந்த ஞாபகம் வருவதில் தப்பில்லை.

‘கியர்பாக்ஸ் உறையும் கூடுதானே’ என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ‘உறை’யையே வைத்துக்கொள்ளலாம். இன்ஜின் எண் பொறித்திருப்பது பிளாக்கில்தான், அதை மாற்றினால் ஆர்.சி.யையும் திருத்த வேண்டும். அவ்வளவு முக்கியமான உறுப்புக்குத் தனிச்சொல் இருக்கட்டும்.

பெரியவரிடமும் சொல்லிப் பார்த்தேன். கூடு பிடித்திருந்தது. புகைத்துருத்திக்கு மட்டும், “கரெக்டாதான் கீது சார், ஆனா புதுப்பேட்டையில கேட்டீங்கன்னா குடுக்க மாட்டான்” என்றார்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ஹெட் கேஸ்கட்டுக்குத் தயவுசெய்து தனி இழை.