புதிய தொற்றுநோய்கள் விண்வெளியிலிருந்து வரக்கூடுமா?

வானம்பாடி:
பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹாயிலும், கொழும்பில் பிறந்து கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சந்திர விக்கிரமசிங்கவும் 1979-இல் முன்வைத்த கருத்தைப் பலரும் படிக்காமலே சிரித்துத் தள்ளுகிறார்கள். வால்மீன் தூசியுடன் வைரஸ்களும் பாக்டீரியாக்களும் வளிமண்டலத்தில் இறங்குகின்றன, கொள்ளைநோய்கள் சில அப்படித்தான் தொடங்குகின்றன என்பது அவர்கள் வாதம். 1918 ஃப்ளூ பாஸ்டனிலும் பம்பாயிலும் ஒரே நாளில் தென்பட்டும், பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூயார்க்கை எட்ட மூன்று வாரம் பிடித்தது என்று அவர்கள் சுட்டினார்கள். 1978-இல் பிரிட்டனின் உறைவிடப் பள்ளிகளில் ஃப்ளூ பரவியபோது, பகலெல்லாம் ஒன்றாகப் பழகிய மாணவர்களிடையே ஒரு விடுதியில் பெரும்பாலோர் படுத்துவிட, அடுத்த விடுதியில் ஒரு சிலருக்கே நோய் கண்டதையும் காட்டினார்கள். 2001 ஜனவரியில் ஐதராபாத்திலிருந்து விடப்பட்ட பலூன் 41 கிலோமீட்டர் உயரத்தில் பிடித்துவந்த காற்றில் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு சமாதானம் இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஏன் தயங்குகிறோம்?

ஆய்வகவாசி:
சேர்த்துப் பார்ப்பதற்கு முன், ஒவ்வொன்றும் தனியே நிற்கிறதா என்று பார்த்துவிடுவோம். பம்பாயில் 1918 ஜூன் 10-ஆம் தேதி ஃப்ளூவுடன் மருத்துவமனைக்கு வந்தவர்கள் ஏழு போலீஸ் சிப்பாய்கள்; அவர்களில் ஒருவர் துறைமுகத்தில் காவல் பார்த்தவர். வானத்திலிருந்து பெய்த நோயின் முதல் தடங்களிலேயே, போர்முனைகளிலிருந்து கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம் தென்படுவது எப்படி? அலாஸ்காவின் பிரெவிக் மிஷன் கிராமத்தில் உறைநிலத்தில் புதைந்திருந்த ஒரு பெண்ணின் நுரையீரலிலிருந்தும், பழைய இராணுவ மருத்துவ மாதிரிகளிலிருந்தும் அந்த வைரஸின் முழு மரபணு வரிசையையும் 2005-க்குள் படித்து முடித்துவிட்டார்கள். அது பறவை ஃப்ளூ வைரஸ்களின் நெருங்கிய உறவு.

பள்ளிகளைப் பற்றிய வாதம்தான் எனக்கு மிகவும் வியப்பளிக்கிறது. ஏனெனில், 1977-78 குளிர்காலத்தில் பரவிய அந்த எச்1என்1 வைரஸ், 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புழங்கி, 1957-இல் மறைந்துபோன வகையோடு ஏறத்தாழ எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தது. மனிதர்களிடையே புழங்கும் ஃப்ளூ வைரஸ் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கும். கால் நூற்றாண்டு மாறாமல் இருக்க வேண்டுமானால், யாரோ அதை உறைபெட்டியில் வைத்திருந்திருக்க வேண்டும். ஆகவே ஆய்வகக் கசிவோ தடுப்பூசிச் சோதனையோ காரணமாக இருக்கலாம் என்பதே பல வைரஸ் ஆய்வாளர்களின் ஐயம். 1957-க்கு முன் அந்த வகையைச் சந்தித்த பெரியவர்களுக்கு எதிர்ப்பாற்றல் இருந்தது, பள்ளி வயதினருக்கு இல்லை. விடுதிக்கு விடுதி எண்ணிக்கை மாறியதில் மர்மம் ஏதுமில்லை. முதல் நோயாளி எந்த அறையில் படுத்தார் என்பதே பாதியைத் தீர்மானித்துவிடும்.

சிறுகல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 2007 செப்டம்பர் 15-இல் பெருவின் கரங்காஸ் கிராமத்தில் விண்கல் விழுந்து, அந்தக் குழியைப் பார்க்கப் போனவர்களுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்ததே, அது என்ன?

ஆய்வகவாசி:
அது தொற்று அன்று. கல் விழுந்த இடத்தில் நிலத்தடி நீர் மேலாகவே இருந்தது, அந்த வட்டாரத்து நீரில் ஆர்செனிக் உண்டு. மோதிய வெப்பத்தில் எழுந்த ஆவியைச் சுவாசித்ததே காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். கல்லிலிருந்த கந்தகச் சேர்மங்களும் சேர்ந்திருக்கலாம். நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவவே இல்லை.

வானம்பாடி:
41 கிலோமீட்டர் உயரத்துக்குப் பூமியின் பாக்டீரியா எப்படி ஏறிற்று என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. சார்ஸ் வைரஸும் வானத்திலிருந்து வந்திருக்கலாம் என்று 2003-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் விக்கிரமசிங்க குழுவினர் எழுதியதையும் தொடவில்லை.

ஆய்வகவாசி:
சார்ஸ் பற்றிய அந்தக் கடிதம் மே மாதம் வெளிவந்தது. அதே ஆண்டிலேயே குவாங்டாங் சந்தையிலிருந்த புனுகுப் பூனைகளிடம் அந்த வைரஸின் உடன்பிறப்பு கிடைத்தது. பின்னர் யுனான் மாநிலக் குகையொன்றின் குதிரைலாட வௌவால்களிடம் அதன் மரபணுக் கூறுகள் அனைத்தும் கிடைத்துவிட்டன. பலூனைப் பொறுத்தவரை, எரிமலைகளும் வேறு மேலெழும் காற்றோட்டங்களும் எவ்வளவு உயரம் கொண்டுபோகும் என்பது நியாயமான ஆய்வுப்பொருளே. ஆனால் அந்தக் காற்றில் வளர்ந்தவை யாவை? பேசில்லஸ் சிம்ப்ளெக்ஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் பாஸ்டியூரி என்று, பூமியில் ஏற்கெனவே பெயர் சூட்டப்பட்டவை. இன்னொரு பலூன் மாதிரியிலிருந்து 2009-இல் இஸ்ரோ மூன்று புதிய இனங்களை அறிவித்தபோதும், இவை வேற்றுலகிலிருந்து வந்தவை என்று இதனால் உறுதியாகாது என்றே சொன்னது. வேற்றுலக உயிர் என்று சிலர் சொன்ன, கேரளத்தில் 2001-இல் பெய்த செம்மழையிலும் கடைசியில் கிடைத்தது, மரப்பட்டைகளிலும் பாறைகளிலும் வளரும் டிரென்டிபோலியா பாசியின் வித்துகள்தாம்.

மருதம்:
நீங்கள் இருவரும் நடந்த நோய்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அதில் ஆய்வகவாசி சொல்வதை ஏற்கிறேன், ஆனால் அதிலிருந்து ‘வரவே முடியாது’ என்ற முடிவுக்குப் போக வழியில்லை. மனித உடலோடு நெடுங்காலம் சேர்ந்து பரிணமித்த கிருமிதான் நோய் தரும் என்பது உண்மையானால், லீஜியோனெல்லா நமக்கு நோய் தரக்கூடாது. குளத்து நீரில் அமீபாக்களுக்குள் வாழும் அந்தப் பாக்டீரியாவுக்கு மனிதன் ஒரு பொருட்டே அல்ல; ஆனாலும் 1976-இல் பிலடெல்பியா விடுதியொன்றில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலரைக் கொன்றது. வைரஸுக்கு நம் செல்லின் சாவி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஈரமும் உணவும் கிடைத்தால் போதும் என்றிருக்கும் பாக்டீரியாவுக்கோ பூஞ்சைக்கோ அது தேவையில்லை.

ஆய்வகவாசி:
நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் பக்கமே சாய்கிறது. அமீபாவும் நம் நுரையீரலின் விழுங்குசெல்லும் கிருமியை விழுங்கும் முறையில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. அமீபாவிடம் கற்ற வித்தை நம்மிடமும் பலித்தது. செவ்வாயிலிருந்து ஒரு கிருமி வருவதாகவே வைத்துக்கொண்டாலும், அங்கே அதை விழுங்கிப் பழக்க எந்த அமீபா இருக்கிறது? அதோடு, செவ்வாய்க் கற்கள் பூமிக்குப் புதியவையும் அல்ல. 1865 ஆகஸ்ட் 25-இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த கல் செவ்வாயிலிருந்து வந்தது. 1962-இல் நைஜீரியாவின் சகாமியில், வயலில் நின்றுகொண்டிருந்த விவசாயி ஒருவருக்குச் சில அடி தொலைவில் இன்னொன்று விழுந்தது. அங்கெல்லாம் எந்தக் கொள்ளைநோயும் கிளம்பவில்லை.

மருதம்:
அந்தக் கற்கள் விண்வெளியில் எத்தனை காலம் அலைந்தன என்பதையும் சொல்லுங்கள். ஷெர்காட்டிக் கல் வந்து சேர இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின. அத்தனை காலக் கதிர்வீச்சு எதையும் கொன்றுவிடும். நாசாவின் பெர்செவரன்ஸ் ஊர்தி செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் கல், மண் மாதிரிகளை அடைத்து வைத்திருக்கும் குழாய்கள் பூமிக்கு வந்தால், அவை சில ஆண்டுகளில், உறையிட்டுப் பாதுகாக்கப்பட்டு வரும். இயற்கையாக விழுந்த கல்லால் கேடு இல்லை என்பது இந்தக் குழாய்களுக்கு நற்சான்று ஆகாது.

வேண்டியது பீதியன்று, ஒழுங்கு. அப்போலோ 11 வீரர்களை 21 நாள் தனிமையில் வைத்ததை எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். ஆனால் பசிபிக் கடலில் மிதந்த கலத்தின் கதவைத் திறந்துதான் தனிமை உடைகளை உள்ளே எறிந்தார்கள். நிலவுத் தூசி படிந்திருந்த அறையின் காற்று அந்தக் கணமே வெளியே வந்துவிட்டது. நிலவில் உயிரில்லை என்பதால் தப்பித்தோம்.

வானம்பாடி:
அப்படியானால் விக்கிரமசிங்க சொன்னதும் அதுதானே? வானிலிருந்து உயிர் வரலாம் என்று இப்போது இருவருமே ஏற்கிறீர்கள்.

ஆய்வகவாசி:
இல்லை. மருதம் சொல்வதைச் சோதிக்க முடியும்: குழாயைத் திறந்து பார்த்தால் ஒன்று இருக்கும் அல்லது இருக்காது. உங்கள் வாதத்தில், வைரஸுக்குப் பூமியில் உறவினர் இல்லையென்றால் அது வானத்திலிருந்து வந்தது. உறவினர் இருந்தால் அந்த உறவினரும் வானத்திலிருந்து வந்தவர். எந்த முடிவு வந்தால் இதைக் கைவிடுவீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள், அதன்பின் தொடருவோம்.

வானம்பாடி:
எழுதுகிறேன். வால்மீன் ஒன்றின் பனியை மாசுபடாமல் கொண்டுவந்து ஆராய்ந்து, அதில் மரபணுப் பொருள் துளியும் இல்லையென்றால் கைவிடுகிறேன். பென்னு சிறுகோளிலிருந்து 2023-இல் வந்த மாதிரியில் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டின் ‘எழுத்துகளான’ ஐந்து காரங்களும் இருந்தன என்பதை மட்டும் நீங்கள் மறக்கக் கூடாது.

ஆய்வகவாசி:
மறக்கவில்லை. அதே மாதிரியில் அமினோ அமிலங்களின், கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிரான இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. பூமியின் உயிர் இடக்கை வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே கிடைத்தது வேதியியல், கிருமி அன்று. உங்கள் வால்மீன் பனி நிபந்தனையை ஏற்கிறேன்.

மருதம்:
பனியோ செவ்வாய் மண்ணோ, எது வந்தாலும் குழாயின் வெளிப்புறத்தில் ஒட்டிய தூசியைப் பூமியைத் தொடுமுன் எப்படி அடைத்துவைப்பது என்பதுதான் பொறியாளர்களின் தலைவலி. அதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.