கண்ணை மூடினால் கால் எங்கே என்று தெரியாதவர்கள்: தொடு உணர்வும் மரபணுவும், நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சுவர்க்கோழி:
பிசியோதெரபி பார்க்கிறேன். நடை சரியில்லை என்று ஒரு சிறுமியை அனுப்பியிருந்தார்கள். தசையில் பலம் இருக்கிறது, ஸ்கேனிலும் சொல்லும்படி ஒன்றுமில்லை. நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னதும் அடியற்ற மரம்போலச் சாய்ந்தாள், பிடித்துக்கொண்டேன். அப்புறம் படுக்கவைத்து, கண்ணை மூடியபடியே இருக்கச் சொல்லி, கால் கட்டைவிரலை மெதுவாக அசைத்து “இப்போ மேலயா, கீழயா?” என்றேன். “நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே” என்கிறாள்! 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்தால் அதிர்வே தெரியவில்லை. ஆனால் குண்டூசி முனை பட்டதும் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். சூடு, குளிர்ச்சியையும் சரியாகச் சொன்னாள்.

பரிசோதனையில் பியெசோ2 மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுது என்று வந்தது. அழுத்தம் பட்டால் திறக்கும் அயனிச் சேனலை, அதாவது நரம்புச் செல்லின் சவ்வில் மின்னூட்டத் துகள்களை உள்ளே விடும் வாசலை, உண்டாக்குவது அது. 2010-இல் ஆர்டெம் பட்டபூட்டியன் குழு கண்டுபிடித்தது. 2021 நோபல் பரிசில் அதற்கும் பங்கு உண்டு. வெப்பத்துக்கும் குத்தும் வலிக்கும் வேறு சேனல்கள், அதனால் அவை தப்பித்தன. பெற்றோருக்கு ஆளுக்கொரு பழுதான பிரதி மட்டும் என்பதால் ஒரு தொந்தரவும் இல்லை.

அவள் ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்த்துப் பார்த்து வைக்கிறாள். இதைச் சோம்பல் நடை என்று திட்டியவர்கள் உண்டாம். கேட்கவே எரிச்சலாக இருந்தது.

தாழம்பூ:
எங்கள் வீட்டில் கதை நேரெதிர், சார். மகனுக்கு ஆட்டிசம். சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிளை வெட்டி எடுத்தாலும், தையலில் மிஞ்சிய நூல்முனை போதும், கழற்றி எறிந்துவிடுவான். நன்றாக இறுக்கி அணைத்தால் அமைதியாகிறான். மெல்லத் தடவினால் அலறுகிறான். அவனுக்கு எந்த மரபணு என்று பரிசோதனையில் ஒன்றும் அகப்படவில்லை.

ஆனால் 2016-இல் வந்த ஓர் எலி ஆய்வைப் படித்தபின் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. ஆட்டிசத்தோடு தொடர்புள்ள சில மரபணுக்களை மூளையில் கைவைக்காமல், தோலிலிருந்து தண்டுவடத்துக்குச் சேதி கொண்டுபோகும் நரம்புகளில் மட்டும் நீக்கியிருக்கிறார்கள். அந்த எலிகளுக்கு லேசான தொடுகையே தாங்கவில்லை. வளர்ந்தபின் பதற்றமும் அதிகம், மற்ற எலிகளோடு ஒட்டவுமில்லை. “செல்லம் கொடுத்துக் கெடுத்துட்ட” என்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

அந்தக் குழந்தை இருட்டில் என்ன செய்கிறாள்?

பனங்காடை:
நான் பார்த்தது மனிதர்களை அல்ல, சுண்டெலி மூளையை. அதன் மேலடுக்கான புறணியைத் தட்டையாக்கிச் சீவி, சாயம் ஏற்றினால் மீசை மயிர்களின் வரிசை அப்படியே பழுப்புத் திட்டுகளாகத் தெரியும், ஒரு மயிருக்கு ஒரு திட்டு. 1970-இல் வூல்ஸியும் வான் டெர் லூஸும் பீப்பாய்கள் என்று பெயரிட்டது இவற்றைத்தான். அடுத்த ஸ்லைடு, அடினைலைல் சைக்ளேஸ் 1 என்ற நொதியின் மரபணு பழுதான எலி. மீசையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் மூளையில் திட்டுகளே பிரியவில்லை. புலன் சேதிகளைப் புறணிக்கு அனுப்பும் தாலமஸ் என்ற மூளைப் பகுதியிலிருந்து வரும் நரம்பிழைகள் தத்தம் இடத்தில் அடங்காமல் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

அதற்காக எல்லாவற்றையும் மரபணு தலையில் கட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. குறையில்லாத எலியிலேயே, பிறந்த ஓரிரு நாளில் ஒரு வரிசை மயிர்க்கால்களைச் சிதைத்தால் அந்த வரிசைத் திட்டுகள் சுருங்கிப் பக்கத்து வரிசைத் திட்டுகள் விரியும். ஒரு வாரம் கழித்துச் சிதைத்தால் திட்டுகள் அப்படியே நிற்கும். இணைப்பு நிலைபெற, அந்தச் சில நாட்களில் தோலிலிருந்து சேதி வந்தாக வேண்டும். பியெசோ2 பழுதான பிள்ளைகளின் மூளையில், தொடு உணர்வுக்கான இடத்தை இப்போது எது பிடித்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சுவர்க்கோழி:
தாழம்பூ, இருட்டில் அவள் நடப்பதே இல்லை; உட்கார்ந்துவிடுவாள். படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு போடச் சொல்லியிருக்கிறேன். முதுகெலும்பு வளைவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தங்கைக்கும் இது வர 4-இல் 1 வாய்ப்பு என்று பெற்றோர் பயந்திருந்தார்கள். அந்தத் தங்கையோ கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று காட்டிவிட்டுப் போனாள்.