ஸ்காண்டிநேவிய பாணியில் வீடு: முதலில் விளக்கு, அப்புறம் மற்றதெல்லாம்

ஸ்காண்டிநேவிய பாணியில் வீட்டை அமைக்க எதை முதலில் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் விளக்கு. சோபா, மேசை, கம்பளம் எல்லாம் மெதுவாக வரட்டும். ஸ்டாக்ஹோம் புறநகரில் பல வருடங்களாக இருக்கிறேன். இங்குள்ளவர்கள் வீட்டுக்குள் போய், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உட்கார்ந்து காபி குடித்து, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஸ்வீடனில் வாடகைக்கு வீடு எடுத்தால் அடுப்பும் ஃப்ரிட்ஜும் இருக்கும், விளக்கு இருக்காது. காலி செய்கிறவர்கள் தங்கள் விளக்குகளைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போய்விடுவார்கள். நாங்கள் சாவி வாங்கியது நவம்பர் கடைசியில். உள்ளே போனால் கூரையில் ஒரு கொக்கி, பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட், அவ்வளவுதான். சாயங்காலம் நாலு மணிக்கே வெளியே இருட்டு. டிசம்பர் நடுவில் இன்னும் மோசம், மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மறுநாள் காலை எட்டரைக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். எதிர் வீட்டு அம்மா, எழுபதைத் தாண்டியவர், எங்கள் ஜன்னல் இருட்டாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு சின்ன மேசை விளக்கோடு வந்து கதவைத் தட்டினார். "தரையில்கூட உட்கார்ந்துகொள்ளலாம், ஆனால் ஜன்னலில் வெளிச்சம் இருக்க வேண்டும்" என்றார். தெருவில் நடந்து வருகிறவருக்கும் அந்த வெளிச்சத்தில் பங்கு உண்டு என்பது அவர் எண்ணம். இங்கே எந்தக் குடியிருப்பைப் பார்த்தாலும் ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு விளக்கு எரிவது இதனால்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் அதே இடத்தில் ஏழு விளக்கு வைத்த முக்கோணத் தண்டும் காகித நட்சத்திரமும் வந்து உட்கார்ந்துவிடும்.

அந்த எதிர் வீட்டு அம்மாவின் ஹாலில் கூரை விளக்கு அணைந்தேதான் இருக்கும். சாப்பாட்டு மேசைக்கு மேல் தாழ்வாகத் தொங்கும் ஒன்று, படிக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒன்று, புத்தக அலமாரியில் ஒன்று, ஜன்னலில் ஒன்று. வெளிச்சம் ஒவ்வொன்றின் கீழேயும் குளம்போலத் தேங்கி நிற்கும். நடுவில் கொஞ்சம் இருட்டையும் விட்டு வைக்கிறார்கள். அந்த இருட்டு இருப்பதால்தான் அறைக்கு ஒரு ஆழம் வருகிறது. மேசைக்கு மேல் தொங்கியது டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன் 1958-இல் வடிவமைத்த பிஎச் 5. பெயரில் உள்ள ஐந்து, விளக்கின் அகலமான 50 செ.மீ-இலிருந்து வந்தது. தட்டுத் தட்டாக அடுக்கிய அந்த விளக்கில் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பல்பு கண்ணில் படாது. நான் குனிந்து, நிமிர்ந்து, சுற்றிப் பார்த்தேன், படவே இல்லை. கண் கூசாத வெளிச்சம் வேண்டும் என்று 1920-களிலிருந்தே உழைத்தவர் அவர்.

அதன் விலை எல்லோருக்கும் கட்டாது. ஆனால் அதிலுள்ள யோசனைக்குக் காசு கிடையாது. தாழ்வாகத் தொங்கவிடுங்கள், பல்பை மறையுங்கள், பல்பு அட்டையில் 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாய்ந்த வெளிச்சம், என்று இருக்கிறதா பாருங்கள். நம்மவர்கள் பலர் வீட்டில் அழகான ஸ்வீடிஷ் சாமான்கள் இருக்கும், கூரையில் மட்டும் 6500 கெல்வின் வெள்ளை பல்பு எரியும். வெயிலில் வெந்து வீடு திரும்புகிறவருக்கு ட்யூப்லைட் வெளிச்சம் குளுமையாகப் படும், நம் ஊரில் அது சரி. பனியில் விறைத்து வருகிறவருக்கு அது இன்னும் குளிரைத்தான் கொடுக்கும். மாற்றிப் பாருங்கள், அதே சாமான்கள் வேறு மாதிரி தெரியும்.

வெள்ளைச் சுவரும் வெளிச்சத்துக்காக வந்ததுதான். வருகிற கொஞ்சநஞ்ச பகல் வெளிச்சத்தைச் சுவர் உறிஞ்சிவிடாமல் திருப்பித் தர வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் சொன்னது நல்ல விஷயம்: வடக்குப் பார்த்த அறைக்குச் சுத்த வெள்ளை அடித்தால் குளிர்காலத்தில் நீலம் பாய்ந்து ஆஸ்பத்திரி மாதிரி தெரியும். அவர் அடித்தது எஸ் 0502-ஒய் என்ற நிற எண், துளி மஞ்சள் கலந்த வெள்ளை. ஜன்னலுக்குக் கனமான திரை போடுவதும் இங்கே குறைவு. விளிம்பில் பூந்தொட்டிகள், ஓரத்தில் மெல்லிய துணி, அவ்வளவே. படுக்கையறை மட்டும் விதிவிலக்கு. ஜூனில் காலை மூன்றரைக்கே சூரியன் வந்துவிடுவதால் இருட்டடிக்கிற சுருள் திரை இல்லாமல் தூங்க முடியாது.

மரச்சாமான்கள் விஷயத்தில் நம் சமையலுக்கென்று ஒரு தனிக் கவலை உண்டு. எங்கள் சாப்பாட்டு மேசை லொப்பிஸில், அதாவது பழைய சாமான் சந்தையில், வாங்கிய ஓக் மேசை. வார்னிஷ் கிடையாது. சோப்புச் சீவலை வெந்நீரில் கரைத்துத் துணியால் தேய்த்துத் தேய்த்துக் காயவிடுவதுதான் அதற்குப் பாதுகாப்பு. மரம் வெளிறிய நிறத்திலேயே இருக்கும், கையில் பட்டுப்போல வழுவழுக்கும். காபிக் கறை இன்னொரு முறை சோப்புத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். சாம்பார் சிந்தினால்? எதிர் வீட்டு அம்மாவுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை, நமக்குத் தெரியும். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துவிடும், வெள்ளை வேட்டியின் கறையை வெயிலில் காயப்போட்டே போக்குகிற ஊர் நம்முடையது. மே மாதம் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டோம், நாளாக ஆகக் கறை மங்கி மரத்தின் நிறமே மிஞ்சியது. குளிர்காலத்தில் சிந்தியது மட்டும் வசந்தம் வரைக்கும் காத்திருக்கும். அதுவரை ஒரு துணி விரிப்பு போதும். மேசைக்குக் கண்ணாடி போட்டுவிடாதீர்கள், அந்த மரத்தைத் தொடுவதில்தான் சுகம்.

எல்லாம் வெள்ளை, சாம்பல், பழுப்பு என்றுதான் இந்த பாணி இருக்கும் என்று நினைப்பவர்கள் டாலர்னா மாகாணத்தில் ஃபாலுன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் சுன்ட்பூர்ன் கிராமத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். ஓவியர் கார்ல் லார்சனும் அவர் மனைவி காரினும் வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது, உள்ளே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். காரினின் அப்பா 1888-இல் கொடுத்த வீடு அது. சாப்பாட்டு அறையில் சிவப்பும் பச்சையும் அடர்த்தியாக, துணிச்சலாக நிற்கின்றன. அதை ஒட்டிய வரவேற்பறைக்குள் நுழைந்தால் வெளிர் நிறமும், நீல வெள்ளைக் கோடு போட்ட நாற்காலித் துணியும், ஜன்னல் நிறையச் செடிகளும். காரினும் முறையாக ஓவியம் படித்தவர். அந்த வீட்டில் தறி போட்டு நெய்தார், மேசை நாற்காலிக்குத் தானே வடிவம் வரைந்து தச்சரிடம் கொடுத்தார். கணவர் இந்த வீட்டை வரைந்த நீர்வண்ண ஓவியங்கள் 1899-இல் புத்தகமாக வந்து பரவின. ஸ்வீடிஷ் வீடு என்றால் இப்படி என்று உலகம் மனதில் வைத்திருக்கும் படத்தில் பாதிக்கு மேல் காரினின் கைவேலை என்பது என் உறுதியான எண்ணம்.

நிறத்துக்கு இன்னொரு சாட்சி யோசெஃப் ஃப்ராங்க். ஆஸ்திரியாவில் பிறந்த யூதர், கட்டடக் கலைஞர், வடிவமைப்பாளர். அங்கே நிலைமை கெட்டபோது 1933-இல் ஸ்வீடன் வந்து, ஸ்டாக்ஹோமில் எஸ்ட்ரிட் எரிக்சன் நடத்திய ஸ்வென்ஸ்க்ட் தென் என்ற வீட்டு அலங்காரக் கடைக்காக வேலை செய்தார். போர்க்காலத்தில் நியூயார்க்கில் இருந்தபடி, எரிக்சனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்காக 1944-இல் ஐம்பது துணி வடிவங்களை வரைந்து பரிசாக அனுப்பினார். கொடி, பறவை, பழம், பெரிய பெரிய பூக்கள்! அந்தக் கடைக்குள் நின்றபோது சின்னாளப்பட்டியும் செட்டிநாடும் அடுக்கிய நம் அலமாரியைத் திறந்து வைத்தால் இங்கே ஒன்றும் அந்நியமாகத் தெரியாது என்று தோன்றியது.

அதைச் செய்தும் பார்த்தோம். கிழிந்த துணிகளை நாடாவாகக் கிழித்து, பருத்திப் பாவில் ஊடாக அடித்து நெய்கிற நீளமான கம்பளம் இங்கே ஒவ்வொரு பாட்டி வீட்டிலும் கிடக்கும், பெயர் த்ராஸ்மத்தா. எதிர் வீட்டு அம்மா தன் நெசவுக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். என் அம்மாவின் நைந்துபோன பருத்திப் புடவைகளை, தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருந்தவற்றை, எடுத்துப் போனேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாலு பாட்டிகள் புடவைகளை இரண்டு விரல் அகல நாடாக்களாகக் கிழித்தார்கள். ஐந்தரை மீட்டர் துணி ஒரே நீளமாக வருவதைக் கண்டு அவர்களுக்கு அத்தனை மகிழ்ச்சி, இடையில் முடிச்சே போட வேண்டாமே. மாம்பழ மஞ்சளும் அரக்கும் மாறி மாறி வர, வெள்ளைச் சுவருக்கும் வெளிறிய தரைக்கும் நடுவில் இப்போது அது எங்கள் நடைவழியில் கிடக்கிறது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விவரம். ஸ்வீடனில் இருந்தால் உங்கள் ஊர் நூலகத்தில் கேட்டால் நெசவுக்கூடம் எங்கே என்று சொல்லிவிடுவார்கள். சுத்தப் பருத்தி மட்டும் கொண்டு போங்கள், பாலியெஸ்டர் கலந்தது வழுக்கும், இறுகி உட்காராது. ஜரிகைக் கரையை முன்பே வெட்டி எடுத்துவிடுங்கள், காலை உறுத்தும். சாயம் போகிற புடவை என்றால் அலசுகிற தண்ணீர் தெளியும் வரை துவைத்து எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே அரக்கு மஞ்சளில் இறங்கிவிடும்.